எழுபது வளைவு ஏறும் ஜிப்ஸிக்கு ஒரு கைப்பம்பு

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 2,650 ரூபாய். ஆன்லைனில் வாங்கியது. கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர் என்று போட்டுத் தேடினால் இதே சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி பத்துப் பன்னிரண்டு பெயர்களில் வரும். ஸ்டிக்கர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே சரக்கு போலத்தான் தெரிந்தது. சைக்கிள் பம்புக்குத் தம்பி போல ஒரு கைப்பம்பு, அதன் தலையில் ஒரு மீட்டர், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக ஹோஸ், கலர் கலராகப் பதின்மூன்று அடாப்டர் மூடிகள். பெட்டியைப் பிரித்தபோது என் மனைவி, "டாக்டர் கையில சுத்திப் பிரஷர் பார்ப்பாரே, அதுவா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதேதான். இது வண்டிக்குப் பார்ப்பது.

பதினான்கு மாதமாக வைத்திருக்கிறேன். நான்கு வண்டிகளில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆனால் என் ஜிப்ஸியின் கதையைச் சொல்லாமல் இந்தப் பம்பு நல்லதா கெட்டதா என்று சொன்னால் யாருக்கும் பயன்படாது.

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது நாமக்கல் போய்வர வேண்டும். மலையடிவாரம் காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி 2005 ஜிப்ஸி, 1298 சிசி, பதினாறு வால்வு எம்.பி.எஃப்.ஐ எஞ்சின், அதாவது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் வகை. பட்டாளத்து ஏலத்தில் போய் இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. ராணுவத்தைத் தவிர வேறு யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று சட்டம் இருப்பதால் முந்தினவர் வெள்ளை அடித்துவிட்டார். கதவு இடுக்கில் இன்னமும் பச்சை எட்டிப்பார்க்கும். 1985-இல் வந்த வடிவம், 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதை மாருதி நிறுத்தும் வரைக்கும் பெரிதாக மாறவேயில்லை. அதனால் பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும், எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இந்த வண்டியை நான் விற்காமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிரச்சினை ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. நாற்பதாவது வளைவு தாண்டினால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டும். அறுபதாவது வளைவில் நிறுத்தியாக வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாரத்துக்கு ஒரு லிட்டர் காணாமல் போனது. அந்த எஞ்சினுக்கு மொத்தமே ஐந்து லிட்டர் சுமார்தான் பிடிக்கும், அதில் ஒரு லிட்டர் என்றால் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்து வைத்தேன். காலையில் எடுத்தால் காய்ந்தே இருந்தது.

தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் போக வேண்டும் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறக்காமலேயே "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்றார்கள். எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு அது. ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போட்டுக் கேஸ்கெட் மாற்ற 22,000 ரூபாய். ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினேன், எண்ணெய் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. கேஸ்கெட் போய்த் தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தால் காப்பியில் பால் கலந்தமாதிரி ஆகியிருக்க வேண்டும். சைலன்சரிலும் வெள்ளைப் புகை இல்லை. "சில நேரம் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். அது உண்மைதான், சில நேரம் அப்படி இருக்கும். ஆனால் சில நேரத்துக்காக 22,000 கொடுக்க மனசு வரவில்லை.

இன்னொரு இடத்தில் எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" நம் ஊரில் பத்து மெக்கானிக்கில் ஏழு பேர் சொல்லும் வசனம் இது. நாமக்கல் வெயிலுக்குச் சரியோ என்னவோ, மார்கழியில் விடியற்காலை செம்மேட்டில் நின்று பார்த்தால் தெரியும். எஞ்சின் சூடே ஏறாது. சூடு ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டர் இன்னும் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். லிட்டருக்குப் பத்தரை கொடுத்த வண்டி எட்டரைக்கு வந்தது. ஏற்றத்தில் முள் ஏறுவது மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவது வைத்தியம் நானே செய்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. லாரி ஓட்டும் சொந்தக்காரர் ஒருவர் சொன்னாரென்று ரேடியேட்டரில் இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டேன். லாரிக்காரர்கள் பல காலமாகச் செய்வதுதான், நடுவழியில் ரேடியேட்டர் டியூப்பில் ஊசித்துளை விழுந்தால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். ஆனால் எனக்கு நடுவழி எதுவும் இல்லை, வீட்டு வாசலில் நின்றுகொண்டு போட்டேன்.

கடைசியில் நாமக்கல்லில் ஒரு ரேடியேட்டர் கடைக்குப் போனேன். லாரி ஊர் என்பதால் அங்கே ரேடியேட்டர் வேலைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கடை ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு புளோ லாம்ப், அவ்வளவுதான். பாய் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"லீக்கை யாராச்சும் கண்ணால பார்த்தாங்களாங்ணா?"

யாரும் பார்க்கவில்லை.

"மலையிலிருந்து வர்றதுக்குள்ள எல்லாம் சூடாயிடுது. சூட்டுல இரும்பு விரியும், ரப்பர் இறுகும், சொட்டுறது விழறதுக்கு முன்னாடி ஆவியாயிடும். நான் பார்த்தா எனக்கும் ஒண்ணும் தெரியாது. ராத்திரி நிறுத்தி, விடிஞ்சதும் பச்சைத் தண்ணியா இருக்கறப்ப பிரஷர் ஏத்திப் பார்க்கணும். வண்டிய இங்க விட்டுட்டுப் போறீங்களா?"

வண்டியை விட்டுவிட்டு மலைக்கு எதில் போவது? அவர் கையில் வைத்திருந்த பம்பைக் காட்டி, இதே மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே பார்த்துவிடலாம் என்றார். தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும் யோசனை. அதனால்தான் நம்பினேன்.

இந்தப் பம்பு செய்யும் வேலை குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் புரியும். ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட்தான். என் வண்டி மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. அதாவது 0.9 பார், ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ அழுத்தம் வரும் வரை திறக்காமல் பிடித்துவைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடி சரியில்லை என்றால் நூறில் கொதிக்கும். எங்கள் மலையில் நூறுகூடக் கிடையாது. 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். கீழே சமவெளியில் ஓடும்போது மன்னிக்கப்படும் மூடி எழுபது வளைவு ஏறும்போது மன்னிக்கப்படாது.

ஓடும் எஞ்சினில் சூடு அழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்தப் பம்பு சூடு இல்லாமல் அதே அழுத்தத்தைக் காற்றால் கொடுக்கிறது. மூடியைக் கழற்றி அந்த இடத்தில் அடாப்டரை மாட்டி, 13 வரைக்கும் அடித்துவிட்டு, கை கட்டிக்கொண்டு முள்ளைப் பார்க்க வேண்டியதுதான். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. எஞ்சின் ஓடாததால் ஃபேன் சுற்றாது, சத்தமில்லை, சூடில்லை, தலையை உள்ளே விட்டு நிதானமாகத் தேடலாம்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். முதல் கோணல் பம்பிலேயே. பதின்மூன்று அடாப்டரில் எது எந்த வண்டிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் ஜிப்ஸி எங்கே இருக்கப்போகிறது? ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்று உட்கார்ந்தது, 13 வரை அடித்தேன், இரண்டே நிமிடத்தில் முள் 6-க்கு வந்தது. மனசுக்குள் 22,000 ரூபாய் ஓடியது. ஒரு மணி நேரம் தேடியும் ஈரம் இல்லை. அப்புறம் சோப்புத் தண்ணீரைக் கரைத்து அடாப்டரைச் சுற்றித் தடவினேன். அங்கேயே நுரை கொப்பளித்தது. ஓட்டை வண்டியில் இல்லை, டெஸ்டரில். அடாப்டரின் ரப்பர் வளையம் காகிதம் மாதிரி மெலிசு. செம்மேட்டில் மோட்டார் சர்வீஸ் செய்யும் பையனிடம் கொஞ்சம் தடித்த ஓ-ரிங் ஒன்று வாங்கிப் போட்டேன், சரியாயிற்று. வாங்கும் எல்லோரும் முதல் வேலையாக இந்தச் சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். செய்யாதவர்கள் நல்ல வண்டியைப் பிரித்துப்போட வாய்ப்பு இருக்கிறது.

மறுநாள் ஒழுங்கான சோதனை. 13-இல் நிறுத்தினேன், பதினைந்து நிமிடத்தில் 11. மெதுவான லீக். கீழே ஒன்றும் விழவில்லை. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு லிட்டர் போவதற்கு இந்த வேகம் போதாது என்று மட்டும் தெரிந்தது. வேறு ஏதோ பெரியது இருக்கிறது.

அப்போதுதான் பெட்டியில் இருந்த இன்னொரு குழாய் அடாப்டர் ஞாபகம் வந்தது. அது வண்டியைச் சோதிக்க இல்லை, மூடியைச் சோதிக்க. ஒரு பக்கம் பம்பு, மறு பக்கம் ரேடியேட்டர் மூடி. அடித்தேன். மூடி 13 வரை தாங்க வேண்டும், 5-இலேயே புஸ்ஸென்று விட்டுவிட்டது. மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் 5.

எல்லாம் விளங்கிவிட்டது. ஏற்றத்தில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் மூடி திறந்து கூலன்டைப் பக்கத்து ரிசர்வ் பாட்டிலுக்குத் தள்ளியிருக்கிறது. பாட்டில் நிரம்பி வழிந்து ரோட்டில் போயிருக்கிறது. ஓடும்போது போவதால் வீட்டு வாசலில் ஒரு சொட்டு இல்லை. நல்ல மூடியாக இருந்தால் எஞ்சின் ஆறும்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, பாட்டிலில் இருப்பதை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியில் அந்தச் சின்ன வால்வும் ஒட்டிப்போயிருந்தது. அதற்கான அடையாளம் என் கண் முன்னாலேயே பல மாதமாக இருந்திருக்கிறது. காலையில் பானட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் காலியான டூத்பேஸ்ட் டியூப் மாதிரி சப்பிக் கிடக்கும். ஹோஸ் பழசாகிவிட்டது என்று நினைத்து ஒரு தடவை புது ஹோஸே வாங்கிப் போட்டேன், அதுவும் சப்பியது. உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸை இழுத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

புது மூடி 220 ரூபாய்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தால், புது மூடி போட்ட நாலாம் நாள் வாசலில் முதல் தடவையாக ஈரம். பச்சைக் கூலன்ட், உள்ளங்கை அளவுக்கு. பாயைப் போனில் கூப்பிட்டேன். சிரித்தார். "இப்பத்தான் வண்டி முழு பிரஷர் பார்க்குதுங்ணா. இத்தனை நாள் மூடி எல்லாத்தையும் மறைச்சு வச்சிருந்துச்சு." பழைய வண்டியில் ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வெளியே வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், சாபம் மாதிரி. இங்கே அதற்குக் காரணம் தெரிந்தது. 5 பி.எஸ்.ஐ-இல் கசியாத இடம் 13-இல் கசிகிறது.

மறுபடியும் பம்பு. இந்தத் தடவை இரண்டு இடத்தில் பிடித்தேன். ஒன்று, கூலன்டை எஞ்சினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்ப். பம்ப் ஷாஃப்டுக்கு அடியில் பென்சில் முனை அளவு ஒரு துளை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். அதை அடைக்கவே கூடாது, அது பம்ப் அனுப்பும் கடிதம். பலர் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு அடுத்த மாதம் பேரிங் அலறும்போது வருகிறார்கள். என் வாட்டர் பம்பில் அந்தத் துளைக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் கசிகிறது, சூடானால் நின்றுவிடுகிறது. நாமக்கல்லில் நின்று எத்தனை தடவை பார்த்தாலும் தெரிந்திருக்காது. இரண்டாவது, ரேடியேட்டரின் மேல் டேங்க்கும் கோரும் (நடுவில் இருக்கும் டியூப் அடுக்கு) சேரும் ஈயப் பத்தில் மயிரிழை விரிசல். 13-இல் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் வியர்வை மாதிரி துளிர்க்கும்.

அதே மூச்சில் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். டெஸ்டரை மாட்டியபடியே அழுத்தத்தைக் குறைத்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். கேஸ்கெட் ஓட்டையாக இருந்தால் சிலிண்டரில் வெடிக்கும் வாயு கூலன்டுக்குள் புகுந்து, எஞ்சினின் தாளத்துக்கு முள் துள்ளும், அல்லது சட்டென்று ஏறும். என் முள் அசையவில்லை. ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எஞ்சின் சூடேறும் வரை இதை மாட்டிவைக்கக் கூடாது, மூடி இல்லாததால் அழுத்தம் போக வழியே இருக்காது. இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு இல்லை, ரொம்பச் சின்னக் கசிவு இதில் தெரியாமல் போகலாம். ஆனால் தேன் போன்ற எண்ணெய், புகையில்லாத சைலன்சர், அசையாத முள் மூன்றும் சேர்ந்தால் ஹெட்டைக் கழற்ற எனக்குக் காரணம் இல்லை.

வாட்டர் பம்பைச் சேந்தமங்கலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இந்த எஞ்சினில் பம்புக்குப் போக டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அதனால் பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொன்னார், "திரும்ப இதே வேலைக்குக் காசு கேட்க எனக்கு வாய் வராது" என்றார். பம்ப், பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். கழற்றிய பம்பின் இம்பெல்லரில், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில், கால் அங்குலத்துக்குச் சுண்ணாம்பு. யாரோ வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ரேடியேட்டர் பாயிடம் போயிற்று. அந்தக் கடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டைகளை அடைத்து, தொட்டித் தண்ணீரில் ரேடியேட்டரை முக்கி, காற்றை விட்டு, முட்டை முட்டையாகக் குமிழி வரும் இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டார். நான் கண்டுபிடித்த மேல் விரிசல் தவிரக் கீழ் டேங்க்கிலும் ஒன்று இருந்தது, அது என் கண்ணில் படவில்லை. என் ரேடியேட்டர் பழைய பித்தளை என்பதால் ஈயம் வைத்துப் பத்தவைக்க முடிந்தது. இப்போது வரும் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க் என்றால் இந்த வேலைக்கு இடமே இல்லை, தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். டேங்க்கைப் பிரித்து ஒவ்வொரு டியூப்பாகக் கம்பி விட்டுக் குத்தியபோது மஞ்சள் களிம்பு வந்தது. பாய் விரலில் எடுத்து மோந்து பார்த்தார்.

"யார் வீட்டுச் சாம்பாருங்ணா இது?"

நான் பேசாமல் டீ வாங்கிவரப் போய்விட்டேன். 1,100 ரூபாய் வாங்கினார். ஒரு நாள் பிடித்தது. ஒரே குறை, சொன்ன நேரத்துக்குக் கொடுக்கவில்லை. மத்தியானம் என்றது ராத்திரி எட்டு ஆயிற்று. இருட்டில் எழுபது வளைவு ஏறினேன், முள் பாதிக்குக் கீழேயே நின்றது. அதனால் மன்னித்துவிட்டேன்.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டாயிற்று. புதிதை அப்படியே போடாமல் அடுப்பில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு பார்த்தேன். 82 என்று பொறித்திருந்தது, அந்தக் கணக்குக்கே வாய் திறந்தது. மனைவி அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலறையில் சேர்க்கவில்லை. கூலன்டைப் பேட்டரி தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். எங்கள் வாசல் சரிவு இந்த வேலைக்கு வசதி. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியில்லாமல் ஸ்டார்ட்டில் விட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரம் மேல் ஹோஸ் திடீரென்று சுடும், சிக்கியிருந்த காற்று குபுகுபுவென்று வெளியே வரும், மட்டம் இறங்கும். இறங்கினதை நிரப்பிவிட்டு மூட வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம்.

சரி, பம்புக்கு வருகிறேன். குறைகள் நிறைய. ஓ-ரிங் கதை சொல்லிவிட்டேன். அழுத்தத்தை வெளியேற்றும் பித்தான் பிளாஸ்டிக், இரண்டாம் மாதமே தளர்ந்துவிட்டது, இப்போது விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மீட்டர் 35 பி.எஸ்.ஐ வரை போகிறது. நமக்குத் தேவை 13 தான், அதனால் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொஞ்சம்தான் பயன்படுகிறது, அரை பி.எஸ்.ஐ இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. மில்லிமீட்டர் கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாயிடம் இருக்கும் பழைய பித்தளைப் பம்பு இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அது இப்போது எங்கே கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. லாரி, டிராக்டர் வாய்க்கு எந்த அடாப்டரும் பொருந்தவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் போட்டுப் பார்த்துத் தோற்றோம்.

ஜிப்ஸி, ஜீப், பழைய பொலேரோ வைத்திருந்து, அடிக்கடி மலை ஏறுபவராக இருந்தால் வாங்கலாம். கம்பெனி வாரண்டியில் இருக்கும் புது வண்டிக்கு இது வேண்டாம். ஒரே ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்றாலும் வேண்டாம், பம்பு வைத்திருக்கும் ஒரு ரேடியேட்டர் கடையில் ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் அடிக்காதீர்கள். இன்னும் ரெண்டு அடித்துப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும், பழைய ஹீட்டர் கோரும் ஹோஸும் அதில்தான் கிழியும். அடுத்தது, கீழே கொட்டின கூலன்டை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். எங்கள் வீட்டில் மூன்று நாய் இருக்கிறது, அதனால் சோதனை நாளில் மூன்றையும் கட்டிப்போட்டுவிட்டுத்தான் பானட்டைத் திறப்பேன்.

பதினான்கு மாதத்தில் ரிசர்வ் பாட்டிலில் கால் லிட்டர்கூட ஊற்றவில்லை. மைலேஜ் பத்துக்கு மேல் திரும்பிவிட்டது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு எடுக்கும் வியாபாரி ஒருவர் போன வாரம் தன் மஹிந்திரா மேஜர் ஜீப்புக்கு ஹெட் கேஸ்கெட் போயிடுச்சாம், 25,000 கேட்கிறார்கள் என்றார். பெட்டியைக் கொடுத்தனுப்பினேன், மூடியை முதலில் சோதியுங்கள் என்று மட்டும் சொன்னேன். நேற்றுப் போன் வந்தது, மூடி நன்றாக இருக்கிறதாம், முள் மட்டும் துள்ளுகிறதாம். அவருக்கு நிஜமாகவே கேஸ்கெட்தான்.

பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை.